ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிய வயிறு

வாரத்தில் ஆறு நாள் அக்காவுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு முழுக்க அவள் வயிறுதான்.

விடிந்ததும் அம்மா இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைப்பாள். அதில் விளக்கெண்ணெயை ஊற்றி, ஆற்றி, தம்ளரை நீட்டுவாள். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துக்கொள்வாள். பிறகு பகல் முழுக்க வாசலுக்கும் காம்பவுண்டின் பின்கோடிக்குமாக நடந்துகொண்டிருப்பாள். பேதிக்குக் குடித்தவள் பகலில் தூங்கக் கூடாது, பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, மிளகு ரசத்தைத் தவிர எதையும் தொடக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்காரர் வீட்டு டி.வி. முன்னால் தெருவே உட்கார்ந்து சினிமா பார்க்கும்போது, அக்கா கடைசியில் கதவோரம் சாய்ந்து, கண் குழிந்து, வெளுத்துப்போய் இருப்பாள். பாதிப் படத்தில் எழுந்து போவாள். "உங்க அக்காவுக்கு இன்னிக்கி சண்டேவா?" என்று பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமையில் கேட்கிற கேள்வியா இது என்று வெளியாட்களுக்குத் தோன்றும். எங்கள் காம்பவுண்டில் எல்லோருக்கும் புரியும்.

திண்டிவனத்தில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது அந்தக் காம்பவுண்டு. ஐந்து குடித்தனம், ஒரு கக்கூஸ். அவரவர் வாளியை வரிசையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். வாளிதான் ஆளுக்குப் பதிலாக நிற்கும். ஆனால் வேலைக்குப் போகிற ஆம்பளைகள் வந்தால் வாளிகள் தாமாகவே பின்னுக்கு நகர்ந்துவிடும். அதை யாரும் சட்டமாகப் போடவில்லை. கேள்வி கேட்டவர்களும் இல்லை. அதே நேரத்தில்தான் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அந்த வரிசையில் பொம்பளைகள் மட்டும். இரண்டு வரிசையும் ஓய்வதற்குள் விழுப்புரம் பாசஞ்சர் வந்துவிடும்.

அக்கா அந்த பாசஞ்சரில்தான் வேலைக்குப் போனாள். விழுப்புரத்தில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட், தற்காலிக வேலை. நிரந்தரமாகிவிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் அவள். அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவர். அக்கா புடவைக் கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற அந்த நிமிடத்தில் மட்டும் அவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்ப்பார்.

நான் விழுப்புரத்தில் காலேஜில் சேர்ந்தபோது அக்காவோடு அதே ரயில், அதே லேடீஸ் பெட்டி. எனக்கு எல்லாமே புதுசு. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பார்ப்பேன். முண்டியம்பாக்கம் வரும்போது கரும்பாலையின் புளித்த வெல்ல வாடை பெட்டிக்குள் நுழையும். அந்த வாடையில் எனக்குப் பசிக்கும். தூக்குவாளியைத் திறந்து தின்பேன், பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பேன். சுற்றி இருந்தவர்கள் என்னை ஏதோ வித்தை காட்டுகிறவளைப் போலப் பார்ப்பார்கள். அந்தப் பெட்டியில் வேறு யாரும் எதுவும் குடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் எதிர் சீட்டில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் ஸ்கூல் டீச்சர். இன்னொருவர் தபால் ஆபீசில் வேலை செய்தவர். இருவரும் அக்காவைவிட வயதில் பெரியவர்கள். ஒருநாள் டீச்சரிடம் பாட்டிலை நீட்டினேன்.

"ஐயையோ, எடுத்துக்கினு போ பாப்பா. இப்ப குடிச்சிட்டா பதினோரு மணிக்கு யாரு பதில் சொல்றது?"

தபால் ஆபீஸ் அம்மா சிரித்தார். "உன் தங்கச்சி இன்னா படிக்கிறா?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஜுவாலஜிங்க."

"அப்படின்னா?"

"பூச்சி, தவள, அதுங்களப் பத்தி."

"அப்ப நம்பளப் பத்தியும்தான். காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் தவள கணக்கா வயித்த உப்பிக்கினு குந்திக்கினு இருக்கோமே."

பெட்டியே சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் மருந்துப் பேச்சு ஆரம்பித்துவிடும். டீச்சருக்கு நிலவாகைப் பொடி. சனிக்கிழமை ராத்திரி வெந்நீரில். தபால் ஆபீஸ் அம்மாவுக்குக் கடுக்காய். அக்காவுக்கு விளக்கெண்ணெய். வேறு பெண்கள் புடவை, பூ, சினிமா பேசுகிற மாதிரி இவர்கள் எது எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று பேசிக்கொண்டே விழுப்புரம் வந்து சேருவார்கள். ஆறு நாள் அடக்குவது, ஏழாவது நாள் அடித்து வெளியே தள்ளுவது. இது நோய் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. வேலைக்குப் போகிறவளின் உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சீசன் டிக்கெட் வாங்குவதைப் போல அதுவும் ஒரு ஏற்பாடு.

அக்கா காலையில் சாப்பிட மாட்டாள். மத்தியானம் டப்பாவில் ஆறிப்போன தயிர்சாதம். அதிலும் பாதி திரும்பி வரும். இருட்டும்போது வீட்டுக்கு வந்து, பானையைக் கவிழ்த்தாற்போல் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவின கையோடு படுத்துவிடுவாள்.

மழை பிடித்திருந்த ஒரு வியாழக்கிழமை, சாயங்கால ரயில். விக்கிரவாண்டி தாண்டியிருக்கும். பேசிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தி, முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. திண்டிவனத்தில் எழுந்தபோது அவள் புடவையின் பின்பக்கம் நனைந்து சிவந்திருந்தது. டீச்சர் பார்த்துவிட்டார். சத்தமில்லாமல் எழுந்து அக்காவை ஒட்டினாற்போல் பின்னால் நின்று மறைத்துக்கொண்டார். "நாள் மறந்துட்டியா? பரவாயில்ல, நட, நான் வர்றேன்" என்றார்.

அக்கா என் காதில் மட்டும் சொன்னாள்: "அது இல்லடி."

ஸ்டேஷன் வாசல்வரை டீச்சர் வந்தார்; அங்கிருந்து ஒரே குடைக்குள் நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். இது முதல் தடவை இல்லை என்று அப்புறம் தெரிந்தது. பல மாதமாக அவளே துணியை வைத்துச் சமாளித்திருக்கிறாள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

தெரிந்ததும் அம்மா, "சூடு. எல்லாம் சூடு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள், வெந்தயம் ஊறப் போட்டாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வேல போதும். உடம்ப வித்து சம்பாரிக்க வேணாம். இந்த மாசத்தோட நின்னுடு."

"பர்மனென்ட் ஆவப் போவுதுப்பா."

"எது? வேலயா, நோவா?"

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்று ராத்திரி பாயில் என் பக்கம் திரும்பிப் படுத்தவள், "டைப்ரைட்டர் மேல உறை போட்டுட்டு வருவேன் தெரியுமா, தினமும் சாயங்காலம்" என்றாள். அவள் அந்த வேலையை எவ்வளவு விரும்பினாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மறுநாளே காலேஜ் லைப்ரரியில் உணவும் உடல்நலமும் பற்றி இருந்த புத்தகத்தையெல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினேன். மனிதக் குடலை நீட்டிப் பிடித்தால் நம் சமையலறையைத் தாண்டிப் போகும் என்று படித்ததும் எனக்கு ஒரே வேகம். அக்காவின் வயிற்றைச் சரி செய்துவிட்டால் அவள் வேலை தப்பிக்கும். கணக்கு அவ்வளவுதான். கீரை வாங்கி வந்தேன். கேப்பைக் களி கிண்டச் சொன்னேன். கொய்யாப்பழத்தைத் தோலோடு தின்னச் சொல்லி ரயிலில் அவள் மடியில் வைத்தேன். தவிடு நீக்காத அரிசி வேண்டும் என்று கேட்டபோது அரிசிக்கடைக்காரர், "வூட்ல மாடு வெச்சிக்கினு இருக்கீங்களா பாப்பா?" என்று கேட்டார்.

அக்கா எல்லாவற்றையும் தின்றாள். தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. வயிறு கல்லாக இறுகியது. முன்பு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்த வலி இப்போது புதன்கிழமையே வந்தது. நான் அடுத்த கீரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோபம் இல்லை, களைப்புதான்.

"உள்ள தள்ளிக்கினே இருக்கியே, வெளிய போறதுக்கு வழி எங்கடி?"

அந்தக் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. எங்கள் காலேஜில் பெண்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. கதவு எப்போதும் திறந்திருக்கும், தொட்டியில் தண்ணீர் இருக்கும். அதனால் அக்காவுக்கும் ஆபீசில் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்தேன். அதைக் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

அம்மாவும் நானும் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். லேடி டாக்டர் திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து கையைக் கழுவினார்.

"மலம் போற எடத்துல கிழிஞ்சி இருக்கு. ஆறுறதுக்குள்ள மறுபடி மறுபடி கிழியுது. இப்படியே விட்டா ஆபரேஷன்லதான் போய் நிக்கும்." பிறகு அக்காவைப் பார்த்து, "காலைல இருந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?" என்றார்.

அக்கா தரையைப் பார்த்தாள்.

"விளக்கெண்ண வாராவாரமா?"

அம்மா, "குடல் சுத்தமாவும்னு..." என்று இழுத்தாள்.

"சுத்தம் ஆவுதும்மா. ஆனா குடல் சோம்பேறி ஆயிடும். யாராவது வந்து அடிச்சாதான் எழுந்திருப்பேன்னு படுத்துக்கும். தண்ணி குடிக்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும். முக்கியமா, வர்றப்ப போவணும். அடக்கக் கூடாது." களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அக்கா, "வர்றப்ப போவணுமாம். ஆபீஸ்ல அதுக்குத் தோது ஏது?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

அம்மா வீட்டில் அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தாள். "வர்றப்ப போவணுமாம். ஆபீஸ்ல அதுக்குத் தோது இல்லையாம்."

"அப்ப நோவு வயித்துல இல்ல, ஆபீஸ்ல இருக்கு" என்றார் அப்பா. "சனிக்கிழம நானே வந்து ஆபீசரப் பாத்து, பொண்ணு வேலய விடுறான்னு சொல்லிட்டு வர்றேன்."

சனிக்கிழமை எனக்குக் காலேஜ் இல்லை. நானும் ஒட்டிக்கொண்டேன். அப்பா மண்டிக்குப் போகிற சட்டையை விட்டு, கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டிருந்தார். லேடீஸ் பெட்டியில் அவர் ஏற முடியாது என்பதால் அடுத்த பெட்டியில் வந்தார். டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நாளா?" என்று கேட்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபீசர் வெளியூர் போயிருந்தார். மத்தியானத்துக்கு மேல்தான் வருவாராம். அப்பாவும் நானும் ஹாலின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து உறையை எடுத்து மடித்து வைத்தாள். டைப் அடிக்க ஆரம்பித்தாள். அப்பா அவள் வேலை செய்வதை அதற்கு முன் பார்த்ததே இல்லை. தாளைப் பார்த்தபடி விரல்கள் ஓடின. விரலை அவள் பார்க்கவே இல்லை. ஒரு கிளார்க் வந்து, "இது கொஞ்சம் ஜல்தியா வேணும்மா" என்று தாளை வைத்துவிட்டுப் போனார். அப்பா மூட்டை ஏற்றுகிற தராசைப் பார்ப்பதுபோல் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ வந்தது. அப்பா இரண்டு தடவை குடித்தார், பானையிலிருந்து தண்ணீரும் மொண்டு குடித்தார். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரரிடம் குனிந்து கேட்டார். "அப்படி பின்னால போங்க பெரியவரே, செவுரு ஓரமா" என்றார் அவர். அப்பா போனார், வந்தார். ஹாலில் இருந்த ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் எழுந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த மூன்று பெண்களில் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. இதை நான் கவனித்த அதே நேரத்தில் அப்பாவும் கவனித்தார் என்று நினைக்கிறேன். எழுந்து அக்காவின் மேசைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"பாப்பா, நீங்கள்லாம் எங்க போவீங்க?"

அக்கா கையை நிறுத்தினாள். "அந்தக் கோடில ஒண்ணு இருக்குப்பா. பூட்டி வெச்சிருக்கும்."

"சாவி?"

அவள் கண்ணால் காட்டினாள். ஹாலின் நடுவில் ஹெட் கிளார்க் மேசை. அதன் பக்கவாட்டில் ஆணியில் சாவி தொங்கியது. தொலைந்துவிடக் கூடாது என்று அதைக் கையகலப் பலகை ஒன்றில் கட்டியிருந்தார்கள். பலகையில் வெள்ளைப் பெயின்டில் "பெண்கள்" என்று பெரிய எழுத்து. அதை எடுக்க வேண்டுமானால் எல்லா மேசைகளையும் தாண்டிப் போய், கேட்டு வாங்கி, அந்தப் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் நடந்து போகவேண்டும்.

"கேட்டா கேலி பண்ணுவாங்கப்பா," அக்கா குரலைத் தாழ்த்தினாள். "'அம்மா ஸ்லேட்டு எடுத்துக்கினு ஸ்கூலுக்குக் கெளம்பிட்டாங்க'ன்னுவாங்க. எவ்ளோ நேரம் ஆவுதுன்னு கடியாரத்தப் பாப்பாங்க. சேந்த புதுசுல ரெண்டு தரம் கேட்டேன். அதோட விட்டுட்டேன். தண்ணி குடிக்கலன்னா பிரச்சனையே இல்லன்னு இவங்க சொல்லிக் குடுத்தாங்க." மற்ற இரண்டு பெண்களையும் காட்டினாள். அவர்கள் தலையைத் தூக்கவில்லை.

நேராகப் போய் அந்தப் பலகையைப் பிடுங்கி வந்துவிடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன். அப்பா என் தோளை அழுத்தினார். அவர் அக்காவைத்தான் பார்த்தார்.

"இதுக்கா வேலய விடுற?"

அவளை விடச் சொன்னதே அவர்தான். அதை அக்கா சொல்லிக் காட்டவில்லை. டைப்ரைட்டரில் செருகியிருந்த தாளில் பாதியில் நின்ற வரியை அடித்து முடித்தாள். பிறகு எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தாள். அப்பா ஹாலின் நடுவில் அப்படியே நின்றார். மூட்டை தூக்கிப் பழகின தோள் அவருக்கு. அவர் யாரையும் முறைக்கவில்லை, நின்றார், அவ்வளவுதான்.

"சார், சாவி குடுங்க."

ஹெட் கிளார்க் அவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பலகையை எடுத்துக் கொடுத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா பலகையைப் புடவைக்குள் மறைக்கவில்லை. கையைத் தொங்கவிட்டு, எழுத்து வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போனாள். திரும்பி வந்தபோது சாவியைப் பழைய இடத்தில் மாட்டவில்லை. தன் மேசைக்குப் பின்னால் சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் மாட்டினாள். அதன் மேல் காலண்டரை மாட்டினாள்.

"இங்கயே இருக்கட்டும் சார். எங்களுக்குத்தான வேணும்" என்றாள். ஹெட் கிளார்க் தாளைப் புரட்டிக்கொண்டே, "தொலச்சிடாதீங்க" என்றார்.

கொஞ்சம் பொறுத்து மற்ற இரண்டு பெண்களில் ஒருவர் எழுந்து வந்து, காலண்டரைத் தூக்கிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் ஆபீசர் வந்துவிட்டார் என்று பியூன் வந்து சொன்னார். அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இன்னா விஷயமா பாக்கணும் பெரியவரே?" என்று பியூன் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. பொண்ணு வேல பாக்குற எடத்தப் பாக்கலாம்னு வந்தேன். பாத்துட்டேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா பழக்கத்தில் இஞ்சியைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். அப்பா விளக்கெண்ணெய் சீசாவை எடுத்துப் பரண் மேல் வைத்தார். அக்கா இட்லி சாப்பிட்டாள். சாயங்காலம் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். நடுவில் எழுந்து போகவில்லை. வலி போய்விடவில்லை. புண் ஆற மாதக்கணக்கில் ஆயிற்று, களிம்பு டப்பா ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. டீச்சர் அந்த வருஷமே விழுப்புரத்தில் ஆபரேஷனுக்குப் படுத்தார். அவர் ஸ்கூலில் பூட்டுவதற்குக் கதவே இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலைதான் எனக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கிறது. தெருக்குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அக்காவும் காம்பவுண்டுக்குள் வருகிறோம். பின்கோடியில் வழக்கம்போல் வாளிகளின் வரிசை. எங்கள் வாளிக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். மண்டிக்கு அவர் போக இன்னும் வெகுநேரம் இருந்தது. மில் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பழக்கப்படி எங்கள் வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளப் போனார். அப்பா வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்னாண்ணே, இன்னிக்கி இவ்ளோ சீக்கிரம்? மண்டிக்கா?"

"எனக்கு இல்லப்பா. பொண்ணு வேலைக்குப் போவணும். ரயிலுக்கு நேரமாச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் நீட்டிய காலை இழுத்துக்கொண்டார். பிறகு தன் வாளியை எங்கள் வாளிக்குப் பின்னால் வைத்தார்.

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். அப்பா அவளைப் பார்க்காமல், சுவர்ப்பக்கம் பார்த்தபடி வாளியை நீட்டினார்.

"போ. அவசரப்படாத. நான் நிக்கிறேன்."